ஆவாரையின் புகழும் ஆற்றலும்

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் ஆவாரை. சென்ற ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி இதே மண்டபத்தில் இதே பொருளைப்பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். அன்று கேட்டோருட் பலர் இன்றும் எம் எதிரே அமர்ந்திருக்கின்றீர்கள். அப்பேச்சின் இலக்கியப் பகுதியில் மாற்றவேண்டுவது ஒன்றுமில்லை. வைத்தியப் பகுதியில் யாம் கூறியது பிழை. பிழையை அது பிறந்த இடத்திலேயே திருத்துதல் முறை என்று கருதி, காரியதரிசி அவர்களை யாமே வேண்டி இவ்வேளையைப் பெற்றோம்.

மற்றுமொரு காரணமும் உண்டு. நம் சங்கத்தின் மாதர் பகுதியார் ஆவாரம்பூவை நிழலில் உலர்த்திப் பொடி செய்து விற்று, வரும் ஊதியத்தை ஏழை மாணாக்கர் நிதிக்குச் சேர்ப்பது என்று தீர்மானித்திருக்கின்றனர். உறையின்மேல் அச்சிடவேண்டிய வாசகத்தை எழுதித் தருமாறு எம்மைப் பணித்தனர். தமிழாசிரியனுக்கு அது நாழிகைப் பொழுதில் முடியும் வேலை என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். எமக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஏன் அத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டு, எழுதிய வாசகத்தைப் படிக்கின்றோம்.

ஆவாரை நம் புலவர் அறிந்த செடி. அவர்கள் அதனை ஆவிரை என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்த மலர்களுள் இதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைமகன் பனைமடலாற் குதிரை செய்து ஊர்த்தெருவில் ஏறிவரத் துணியும்போது அக்குதிரைக்குச் சூட்டுவது பொன்னிற ஆவிரை மாலை என்பதைக் குறுந்தொகையாலும் கலித்தொகையாலும் அறிகின்றோம். நம் வீடுகளிலோ போகி நாளில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்து இறப்பிற் செருகிக் காப்புக் கட்டுகின்றோம். வடுகர் இதனைத் தங்கேடு என்பர். இன்று தெலங்கானா மாநிலத்தின் மலர் இதுவே. அவரைக்கும் ஆவாரைக்கும் பெயரில் மட்டுமன்று, பிறப்பிலும் உறவுண்டு. தட்டையான காயைப் பார்த்த எவரும் அவ்வுறவை மறுக்கமாட்டார். அவரை, துவரை, கொள்ளு, புளி, கொன்றை ஆகிய யாவும் தாவர நூலார் வகுத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் லத்தீன் பெயரில் வரும் ஆரிகுலேட்டா என்ற சொல்லுக்குச் சிறு காதுகளையுடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்; இரண்டு சிறு காதுகள் இருக்கும். நாற்பது ஆண்டுகளாகப் பார்த்த செடியில் அக்காதுகளை யாம் சென்ற ஆவணியிலேதான் கண்டோம் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது.

நிற்க. இச்செடியைப்பற்றி ஒரு பழமொழி உண்டு. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரும் உளரோ என்பது அதன் கருத்து. எதுகை நயம் மிக்க பழமொழி. சென்ற ஆண்டு யாம் அதனை இம்மேடையில் இருமுறை சொன்னோம். சபையோர் கைதட்டினீர்கள். அம்மகிழ்ச்சியில் மேலும் ஒரு படி சென்று, இக்காலத்து விஞ்ஞானிகளும் ஆவாரம்பூவில் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மிகுதியாய் உள்ளது என்று நிறுவிவிட்டனர், நீரிழிவு இதன்முன் நில்லாது, முன்னோர் வாக்குப் பொய்க்குமோ என்று முழங்கினோம். எங்கே படித்தோம் என்று கேட்பீர்களாயின், கடையில் விற்ற ஒரு பொடிப் பெட்டியின் பின்புறத்திற் படித்தோம்.

அன்று முன்வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்டவர்களுள் எம் சிறிய தந்தையாரும் ஒருவர். இன்றும் அதே இருக்கையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றோம். அவருக்கு நீரிழிவு வந்து பதினோராண்டு ஆகின்றது. வைத்தியர் கொடுத்த மாத்திரையை நாள்தோறும் இருவேளை தவறாது உண்டு வந்தவர். எம் பேச்சைக் கேட்ட மறுநாள் மாத்திரையை நிறுத்தினார். காலையும் மாலையும் ஆவாரம்பூக் கஷாயம் அருந்தினார். உடம்பு இலேசாயிருக்கின்றது என்று மகிழ்ந்தார். நீரிழிவு பல காலம் வலியின்றியே கேடு செய்யும் நோய் ஆதலின், உடம்பு இலேசாயிருந்தது வியப்பன்று. ஆனி மாதத்தில் செருப்பு உரசி இடக்காற் பெருவிரலில் ஒரு கொப்புளம் கண்டது. அது புண்ணாயிற்று, புண் ஆறவில்லை. சர்க்கரையைச் சோதித்தபோது வைத்தியர் திகைத்தார். விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் அவரைக் காணச் சென்றபோது அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நீ மேடையில் சொன்னதைத்தானே செய்தேன்? எந்த இடத்தில் தவறினேன் என்று சொல்லு" என்று மெய்யாகவே கேட்டார். அளவிலே தவறியிருக்கலாம், பதத்திலே தவறியிருக்கலாம் என்று எண்ணிக் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இனி யாம் சொல்லப்போவது.

எம்மிடம் பத்தாம் வகுப்புவரை தமிழ் பயின்ற நம் குலப்பெண் ஒருத்தி இப்பொழுது ஒரு கல்லூரியில் ரசாயன ஆராய்ச்சி செய்து வருகின்றாள். அவளிடம் சென்று, "அம்மா, இந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது யாது? எமக்குத் தமிழிற் சொல்" என்றோம். அவள் முதலில் சமையலறையைக் கொண்டே விளக்கினாள். கடலையெண்ணெயைத் திறந்து வைத்தால் சில நாளிற் காறிப்போகின்றது. வெட்டிய கத்தரிக்காய் கறுக்கின்றது. இரும்பு துருவேறுகின்றது. இவை யாவும் காற்றிலுள்ள பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன் செய்யும் வேலை. உயிர் தரும் அவ்வாயுவே பொருள்களைச் சிதைக்கவும் செய்கின்றது. அச்சிதைவைத் தடுப்பது எதுவோ அதுவே ஆன்டி ஆக்ஸிடன்ட். ஆக்ஸிகரணத் தடுப்பி என்று தமிழிற் சொல்லலாம். கத்தரிக்காயில் எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் கறுப்பது தாமதிக்கின்றது. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைக் காட்டிலும் நெடுநாள் காறாமலிருப்பதற்கு எள்ளில் உள்ள சில பொருள்களே காரணம். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றிய நம் பாட்டிமார் ஆக்ஸிகரணத் தடுப்பியை அறிந்தே இருந்தனர்; பெயரைத்தான் அறியவில்லை.

நம் உடம்பினுள்ளும் இவ்வேலை ஓயாது நடைபெறுகின்றது. எலக்ட்ரான்கள் பொதுவாக இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பவை. ஒரு மூலக்கூறில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று தனித்து நின்றுவிட்டால், உயிரெழுத்தைச் சேர்ந்தன்றி இயங்காத மெய்யெழுத்தைப்போல் அது துணை தேடி அலைகின்றது. அருகிலுள்ள பொருளினின்றும் ஒரு எலக்ட்ரானைப் பறிக்கின்றது. பறிகொடுத்த பொருள் வேறொன்றைப் பறிக்கின்றது. இத்தகைய மூலக்கூற்றை 'ஃப்ரீ ராடிக்கல்' என்பர். முதன்முதல் 1900-இல் மோசஸ் கோம்பெர்க் என்பார் அமெரிக்காவில் இதனைக் கண்டார். உடம்பு மூப்படைவதே இவற்றால்தான் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்பார் ஒரு கொள்கையை வெளியிட்டார். அதன் பின்னரே, பறிப்பவைகளுக்கு எலக்ட்ரானை ஈந்து அவற்றை அடக்கிவிடும் பொருள்களை உண்டால் நோயும் மூப்பும் அணுகா என்னும் நம்பிக்கை உலகெங்கும் பரவியது. எலக்ட்ரானை ஈந்தபின்னும் தான் நிலைகுலையாதிருக்கும் பொருளே நல்ல தடுப்பி.

இனி அவள் எமக்குக் காட்டிய சோதனையைச் சொல்வோம். டி.பி.பி.எச். என்று ஒரு பொருள் உண்டு. அதுவும் ஒரு ராடிக்கலே. ஆயினும் தானே சிதையாமல் நிலைத்து நிற்பது. கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறமாயிருக்கும். அதற்கு எலக்ட்ரானை ஈயும் பொருளைச் சேர்த்தால் ஊதா மறைந்து வெளிறிய மஞ்சளாகும். 1958 முதல் இம்முறை வழங்கி வருகின்றது. நிழலில் உலர்த்திய ஆவாரம்பூவைப் பொடித்து நீரில் ஊறவைத்து வடித்த சாற்றைச் சில துளிகள் விட்டாள். இருட்டில் அரைமணி நேரம் வைத்து எடுத்தாள். ஊதா போய்விட்டது. எத்தனை போயிற்று என்பதை ஒளியளவி என்னும் கருவியில் 517 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து அளந்தாள். எம் கண்களில் நீர் அரும்பியதை மறைக்கவில்லை. கபிலர் கண்ட மலர் எம் எதிரே ஓர் ஊதாக் குழாயைப் பொன்னிறமாக்கியது! "பார்த்தாயா, பழமொழி பொய்க்கவில்லை" என்றோம்.

அவள் ஒன்றும் பேசாமல் மற்றொரு குழாயில், கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிவந்த பால் கலவாத தேயிலைக் கஷாயத்தைச் சில துளி விட்டாள். வேறொன்றில் நாம் புளி எடுத்தபின் எறிந்துவிடும் புளியங்கொட்டையின் தோலை ஊறவைத்த நீரை விட்டாள். எதுவும் இடாத குழாய் ஒன்றையும் ஒப்பிற்காக வைத்தாள். எதுவும் இடாதது ஊதாவாகவே இருந்தது. மற்ற இரண்டும் ஆவாரைக் குழாயைப்போலவே வெளிறின. "ஐயா, இந்தச் சோதனை இந்தச் சாறு எலக்ட்ரானை ஈயும் என்று மட்டுமே சொல்கிறது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லவில்லை. சொல்லும் என்றால் தேநீர் குடிப்பவர் ஒருவருக்கும் சர்க்கரை வியாதி வரக்கூடாது" என்றாள். எம் மாணவி எமக்குச் சொன்ன பாடம் அது.

இவ்வீகைக்குக் காரணமான பொருள்கள் யாவை? ஆவாரையிற் பெரும்பாலும் துவர்ப்புச் சத்தாகிய டானின்களும் அவற்றின் உறவான பிற பொருள்களும் ஆகும். இதனை நம் முன்னோர் வேறு வழியால் அறிந்திருந்தனர். எம் பாட்டனார் காலத்தில் கரட்டு நிலத்து ஆவாரம்பட்டையை உரித்து உலர்த்தி, வண்டி கட்டித் திண்டுக்கல் தோல் பதனிடுசாலைகளுக்கு அனுப்பியவர்கள் நம்மவர்களுள் இருந்தனர். அவ்வண்டியில் மூட்டைமேல் அமர்ந்து சென்ற கதையை எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பட்டையில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு டானின் உண்டு. தோலிலுள்ள புரதத்தை அது இறுகப் பற்றிக்கொள்வதாலேயே தோல் அழுகாமல் நிலைக்கின்றது. பின்னர்த் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் வந்தபின் அவ்வியாபாரம் குன்றியது. தோலை இறுக்கும் அதே இனப்பொருளே குழாயில் ஊதாவை மஞ்சளாக்குவது. உணவிலுள்ள இரும்புச் சத்தையும் டானின் பற்றிக்கொள்ளும். ஆதலின் இரத்தச்சோகையுள்ள தாய்மார்கள் இதனை உணவோடு சேர்த்து அருந்துதல் கூடாது. இடையே ஓரிரு மணி நேரம் விடவேண்டும். தேநீருக்கும் இது பொருந்தும்.

சாறு எடுக்கும் முறையினாலும் பெருத்த வேறுபாடு உண்டு. ஆராய்ச்சிக்காரர் பல சமயம் நீரால் அன்றி மெத்தனாலால் சாறு இறக்குகின்றனர். மெத்தனால் கொடிய நஞ்சு. அதனை ஆவியாக்கிப் போக்கிய பின்னரே எஞ்சிய பசையைச் சோதிக்கின்றனர். அது நீரில் இறங்காத பலவற்றையும் இறக்கும். அப்பசையைப்பற்றி எழுதியதை, நம் அடுப்பங்கரையில் வெந்நீரிற் போட்டு வடித்த கஷாயத்திற்கு உரியதாகப் பெட்டிக்காரர் அச்சிட்டுவிடுகின்றனர். வேறொரு ஏட்டின் உரையை வேறொரு ஏட்டிற்கு எழுதுவதை யாம் தமிழ்ப் பாடத்தில் ஒப்புக்கொள்வோமா?

குழாயினின்றும் உடம்புக்கு வருவோம். குழாயில் சாறும் ராடிக்கலும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. வாய்வழிச் சென்ற சாறோ, குடலில் மிகச் சிறிதே உறிஞ்சப்படுகின்றது. எஞ்சியதைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உருமாற்றுகின்றன. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் வேறு பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றது. இரத்தத்தை அடைவது அற்பம். நம் உடம்போ ராடிக்கல்களை அடக்குவதற்குத் தனக்கென்று நொதிகளையும் பிற பொருள்களையும் வைத்திருக்கின்றது. அன்றியும் ராடிக்கல்கள் யாவும் பகைவர் அல்லர். நோய்க்கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளணுக்களே அவற்றை ஆயுதமாக உண்டாக்குகின்றன. அவற்றை முற்றும் ஒழிப்பது காவற்காரனின் கோலைப் பிடுங்குவதாகும்.

இது வெறும் யூகமன்று. மனிதரிடத்தே சோதித்துப் பார்த்திருக்கின்றனர். பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு, அவர்களிற் சிலருக்கு ஆக்ஸிகரணத் தடுப்பியாகிய பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். நுரையீரற் புற்றுநோய் குறையும் என்பது அவர்கள் எதிர்பார்த்தது. 1994-இல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களுக்குப் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆடவரிடம் நடந்த மற்றொரு சோதனையில் வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களுக்குப் பிராஸ்டேட் புற்றுநோய் நூற்றுக்கு 17 பங்கு மிகுந்தது என்று 2011-இல் அறிவித்தனர். உணவுப் பொருள்களின் தடுப்பாற்றலைக் குழாயில் அளந்து வரிசைப்படுத்தி வைத்திருந்த அட்டவணையை அமெரிக்க அரசின் விவசாய இலாகா 2012-இல் தன் வெளியீட்டினின்றும் நீக்கிவிட்டது. அவ்வெண்களை வியாபாரிகள் தவறாக வழங்குகின்றனர் என்பதும், உடம்பில் நிகழ்வதற்கு அவை அளவுகோல் ஆகா என்பதும் அவ்விலாகா கூறிய காரணங்கள். காய்கனிகளை உண்ணல் நன்று என்பதில் ஐயமில்லை. அந்நன்மையை இந்த ஒற்றைச் சொல்லின் கணக்கில் எழுதுவதே ஐயத்திற்குரியது.

ஆயின், ஆவாரைக்கு நீரிழிவில் ஆற்றலே இல்லையோ என்று வினவுவீர்கள். அங்ஙனம் சொல்வதும் பிழையே. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், செயற்கையாக நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை முப்பது நாள் கொடுத்தபோது சர்க்கரை குறைந்தது. கொடுத்த அளவு எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.45 கிராம். 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு அப்படியே பெருக்கினால் நாளொன்றுக்கு 27 கிராம் உலர்ந்த சாறு ஆகும். சிறு பிராணியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஏறக்குறைய ஆறில் ஒன்றாகக் குறைப்பது அறிஞர் வழக்கம். அப்பொழுதும் நான்கு கிராமுக்கு மேல். இது பூவின் எடையன்று, பூவினின்றும் இறங்கிய சாற்றின் எடை என்பது நினைவிற் கொள்ளற்பாலது. ஒரு தேக்கரண்டிப் பொடியை வெந்நீரில் இட்டு வடித்தால் அதில் சிறு பகுதியே இறங்கும். எம் சிறிய தந்தையார் அருந்தியது அதுவே. எந்த இடத்தில் தவறினேன் என்று அவர் கேட்டதற்கு இது ஒரு பகுதி விடை. மறுபகுதி, எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று கொண்டது. அதில் தவறியவர் அவர் அல்லர், யாம்.

சித்த வைத்தியர் கொடுக்கும் ஆவாரைக் குடிநீர் வேறு. அதில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோட்டம், மருதம்பட்டை ஆகியவும் சேரும். முறையாகப் பயின்ற வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, நோயாளியைத் தம் கண்காணிப்பில் வைத்தே அதனைக் கொடுப்பார். கடைப்பெட்டியை வாங்கி நாமே வைத்தியராவது அந்நூல்களுக்கும் உடன்பாடன்று.

மேலும் ஒரு செய்தியைக் கேட்டபோதுதான் யாம் நாணத்தால் தலைகுனிந்தோம். எம் சிறிய தந்தையார் நிறுத்திய மாத்திரையின் பெயர் மெட்ஃபார்மின். இங்கே எத்தனையோ பேர் அதனை உண்கின்றீர்கள். அதனை அந்நிய ரசாயனம் என்றும் ஆவாரையை நம் மூலிகை என்றும் பிரித்து யாம் சென்ற ஆண்டு பேசினோம். அம்மாத்திரையின் வரலாறு யாது? ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. ஊதாவும் வெண்மையுமான பூவும் நீண்ட காயும் உடையது. அதுவும் அவரைக் குடும்பமே. நம் ஆவாரைக்குத் தூரத்துப் பங்காளி! நாட்டு மருத்துவர் அதனை நெடுங்காலம் வழங்கி வந்தனர். அச்செடியில் கலெகின் என்னும் பொருள் உண்டு. அது குவானிடின் என்னும் பொருளின் இனம். 1918-இல் குவானிடின் பிராணிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டனர். கலெகினை 1920-களில் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறைந்தது, ஆனால் நஞ்சும் இருந்தது. அச்செடியை மேய்ந்த ஆடுகள் மடிவதும் உண்டு. ஆதலின் அதனைக் கைவிட்டனர். அவ்வினத்தையே சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் வெர்னர், பெல் என்னும் இருவர் ஆக்கினர். முப்பத்தைந்து ஆண்டுகள் அது ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. 1957-இல் பிரான்சு தேசத்து வைத்தியர் ழான் ஸ்டெர்ன் அதனை நீரிழிவாளருக்குக் கொடுத்து, கண்டதை வெளியிட்டார். 1998-இல் இங்கிலாந்தில் முடிவான நெடிய ஆராய்ச்சி ஒன்று, உடற்பருமன் உடைய நீரிழிவாளருள் இதனை உண்டோர்க்கு அந்நோயால் வரும் கேடுகளும் மரணமும் குறைந்தன என்று காட்டியது.

ஒரு நாட்டுச் செடியின் குணத்தைக் கண்டு, அதன் நஞ்சை அறிந்து, அஞ்சிக் கைவிட்டு, அதன் உறவை ஆக்கி, ஆயிரக்கணக்கான மனிதரிடத்தே அளந்து பார்த்து மாத்திரையாக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. ஐரோப்பியர் தம் செடிக்குச் செய்த அப்பணியை ஆவாரைக்கு இன்னும் முற்றும் செய்து முடிக்கவில்லை. எம் மாணவி போன்றோர் செய்துகொண்டிருப்பது அதன் முதற்படி. முதற்படியில் நிற்பவளை மாடியில் நிற்பதாகக் கூவி அறிவித்தவர் யாமே.

நஞ்சு என்றதும் நினைவு வருகின்றது. இலங்கையில் இதன் பூவை ரணவரா என்று சொல்லித் தேநீர்போல் அருந்துவர். அங்கே 1981-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இச்செடியில் ஈரலைத் தாக்கக்கூடிய பைரோலிசிடின் இனப்பொருள் உண்டென்று தெரிவித்தது. 2004-இல் வெளியான மற்றொன்றில், வலிப்புக்குரிய கார்பமாசெபின் மருந்தோடு ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் அம்மருந்து ஏறக்குறையப் பாதியளவு மிகுந்து நின்றது. மருந்து மிகினும் தீங்கே என்பது நீங்கள் அறிவீர்கள். எப்பொழுதோ ஒரு குவளை அருந்துவோர் இதனைக் கேட்டு நடுங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் அருந்துவோரும், வேறு மருந்து உண்போரும், கருவுற்ற மகளிரும் வைத்தியரிடம் இதனையும் சொல்லவேண்டும். நம்மவர்கள் கஷாயத்தை மருந்தென்று எண்ணி வைத்தியரிடம் ஒளிக்கின்றனர். அன்றேல் உணவென்று எண்ணிச் சொல்லாது விடுகின்றனர்.

இனி உறை வாசகம். முதலில் யாம் எழுதியது அரைப்பக்கம் இருந்தது. பழமொழியை நடுவில் பெரிய எழுத்தில் வைத்திருந்தோம். அதனை அடித்தபோது கை நடுங்கியது. எம் தொழிலுக்கு எதுகையைக் கைவிடுவது எளிதன்று. அடித்தபின் எஞ்சியது இது:

"ஆவாரம்பூப் பொடி. நம் சங்கத்து மாதர் நிழலில் உலர்த்தி இடித்தது. வெந்நீரிலிட்டு வடித்துச் சுவைக்காக அருந்தலாம். நீராடும்போது மேனிக்குப் பூசலாம். இது மருந்தன்று. நீரிழிவு முதலிய நோய்களுக்கு உண்டுவரும் மாத்திரையை இதன்பொருட்டு நிறுத்தற்க. நாள்தோறும் அருந்துவோர் தம் வைத்தியரிடம் தெரிவிக்க. இதன் ஊதியம் ஏழை மாணாக்கர் கல்விக்கு."

இவ்வாசகத்தை மாதர் பகுதித் தலைவியார் படித்துவிட்டு, "அண்ணா, இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அருகிலிருந்த எம் சிறிய தந்தையார், முதல் இருபது உறைகளுக்கு உரிய தொகையைத் தாமே கொடுப்பதாகச் சொன்னார். அவர் மாத்திரையை மீண்டும் ஒழுங்காக உண்டு வருகின்றார். சர்க்கரையும் வைத்தியர் சொல்லும் அளவில் நிற்கின்றது. போகியன்று விடியற்காலையில் ஆவாரம்பூப் பறிக்க ஊன்றுகோலுடன் எம்மோடு கரட்டுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கின்றார். மற்ற உறைகளைப் பற்றிச் சபையோர் தம் கருத்தைச் சொல்லுமாறு வேண்டி அமர்கின்றோம்.